ஹெட்போனுக்கென்று ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்: தேடுவது முதல் கேட்பது வரை

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். ஸ்பீக்கர் ஓட்டப் போகிறவருக்கு அது நியாயமான கேள்வி. ஹெட்போனில் கேட்கப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காதை ஒட்டி இருக்கும் ஹெட்போனுக்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே தாராளம். அவர் பார்க்க வேண்டியவை வேறு. பாட்டு ஓடாதபோது ஆம்ப் எவ்வளவு அமைதியாக இருக்கிறது? வால்யூம் குமிழைக் கொஞ்சமே திருகினாலும் இரண்டு காதிலும் சமமாக வருகிறதா? ஹெட்போன் ஜாக்கின் பின்னால் எத்தனை ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது? இந்த மூன்றையும் வைத்துத் தேடினால், எல்லோரும் போட்டி போடும் பெரிய மாடல்களை விட்டுவிட்டு, யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்ன ஆம்பில் போய் நிற்பீர்கள். பர்ஸுக்கும் அது நல்லது.

ஜாக்கின் பின்னால் என்ன இருக்கிறது

1970களின் ஆம்ப்களில் ஹெட்போனுக்கென்று தனி சர்க்யூட் பெரும்பாலும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே அவுட்புட்டில் இருந்து, சேனலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒயரை இழுத்து முன்பக்க ஜாக்கில் கொடுத்துவிடுவார்கள். அந்த ரெசிஸ்டர் வழக்கமாக 220 ஓமில் இருந்து 470 ஓம் வரை இருக்கும். 330 ஓம் மிகவும் சகஜம். செலவை மிச்சம் பிடித்தது போலத் தெரியும். ஆனால் அதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்ப், உச்சத்தில் 20 வோல்ட் தள்ளும். அதை 330 ஓம் வழியாக 300 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால், ஹெட்போனில் விழுவது சுமார் 9.5 வோல்ட், அதாவது 300 மில்லிவாட். அதே ஜாக்கில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் 1.8 வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட 100 மில்லிவாட். எந்த ஹெட்போனைச் செருகினாலும் ஓரளவு போதுமான சத்தம் வரும், எதுவும் எளிதில் எரிந்துபோகாது. ஆம்பின் இரைச்சலையும் அந்த ரெசிஸ்டர் அமுக்கிவிடுகிறது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை, தொனியில் ஒரு மாற்றம். ஹெட்போனின் ஓம் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரே எண். உண்மையில் டைனமிக் வகை ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி மாறும். சென்ஹைசர் எச்டி 600 பெயரளவில் 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமைத் தொடும். 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓட்டும்போது அந்த இடத்தில் மட்டும் பேஸ் சுமார் 2 டெசிபல் உயரும். நிறையப் பேருக்கு அது பிடிக்கும். "பழைய ஆம்பின் வெதுவெதுப்பு" என்று சொல்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் 32 ஓம் ஹெட்போன் ஒன்று பேஸ் பகுதியில் 60 ஓமுக்கு ஏறினால், அதே கணக்கில் கிட்டத்தட்ட 5 டெசிபல் வீக்கம் வரும். அது வெதுவெதுப்பு இல்லை, கொழகொழப்பு.

அதனால் ஜோடி சேர்ப்பதில் என் விதி எளிது. 250, 300, 600 ஓம் ஹெட்போன்கள் பழைய ஜாக்குக்கு என்றே பிறந்தவை: எச்டி 600, எச்டி 650, பேயர்டைனமிக் டிடி 880-இன் 250 ஓம், 600 ஓம் வகைகள், பழைய 600 ஓம் ஏகேஜி கே240. பிளேனார் வகை (கூம்புக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அதிரும்) ஹெட்போன்களுக்கு இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் ரெசிஸ்டர் அவற்றின் தொனியைத் தொடாது. சத்தம் போதுமா என்று மட்டும் பார்த்தால் போதும். யமஹா 1976-இல் கொண்டுவந்த எச்பி-1 இந்த வகைதான், 150 ஓம். அதே காலத்து ஆம்புடன் அழகாகப் பொருந்தும். காதுக்குள் செருகும் பல டிரைவர் இயர்போன்களை இந்த ஜாக்கில் மாட்டாதீர்கள். அவற்றின் இம்பீடன்ஸ் தாறுமாறாக ஏறி இறங்குவதால் தொனி அடியோடு மாறிவிடும்.

எந்த ஆம்பைத் தேடுவது

1970களில் ரிசீவர் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்) கம்பெனிகளுக்குள் வாட் போட்டி நடந்தது. ஆளாளுக்கு ஒரு வாட் கணக்கு சொல்லி விற்றதால், 1974-இல் அமெரிக்க வணிக ஆணையம் அளவீட்டு முறைக்கு விதியே கொண்டுவர வேண்டி வந்தது. அதன் பிறகும் போட்டி ஓயவில்லை. 1976-இன் பயனியர் எஸ்எக்ஸ்-1250 சேனலுக்கு 160 வாட். இரண்டே ஆண்டில் எஸ்எக்ஸ்-1980 வந்து 270 வாட் என்றது. எடை 35 கிலோவுக்கும் மேல். பார்க்க ராஜ கம்பீரம். ஹெட்போன்காரருக்கு அதில் கிடைப்பது மின்சாரச் செலவும் முதுகுவலியும்.

20 முதல் 40 வாட் வரையான இன்டகிரேட்டட் ஆம்ப் போதும். ரிசீவரைவிட இன்டகிரேட்டட் மேல், ஏனென்றால் உள்ளே டியூனர், அதாவது ரேடியோ பகுதி, இல்லை. டியூனர் இல்லாவிட்டால் அறுந்துபோகும் டயல் நூல் இல்லை, பத்து விளக்குகள் இல்லை, நெருக்கம் இல்லை. கை விட்டு வேலை செய்ய இடம் கிடைக்கும். மராண்ட்ஸ் 1060, யமஹாவின் சிஏ வரிசை, பயனியரின் எஸ்ஏ வரிசை, கென்வுட்டின் கேஏ வரிசை, சான்சுயியின் ஏயு வரிசையில் சின்ன மாடல்கள் எல்லாம் இந்த வகையில் வரும். 1978-இல் வந்த என்ஏடி 3020 வெறும் 20 வாட்தான். பார்க்க அலங்காரம் எதுவும் இல்லாத சாம்பல் பெட்டி. ஆனாலும் இன்றுவரை ஆட்கள் அதைத் தேடுகிறார்கள்.

ஒதுக்க வேண்டியவையும் உண்டு. 1970களின் இறுதியிலும் 1980களிலும் பல ஆம்ப்களில் தனித்தனி அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக எஸ்டிகே என்று தொடங்கும் ஒரே கட்டி மாட்யூலைப் பயன்படுத்தினார்கள். நன்றாகவே ஒலிக்கும். ஆனால் அது எரிந்துபோனால் மாற்று கிடைப்பது பாடு. சந்தையில் போலிகள் அதிகம். முதல் ஆம்பாக அதை வாங்க வேண்டாம் என்பேன். வால்வு ஆம்ப் வேறு கதை. அதில் வோல்டேஜ் பல நூறைத் தொடும். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான சுமையோ இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரே போய்விடக் கூடும். இந்த வழிகாட்டி ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கு மட்டும்.

பின்பக்கத்தில் மெயின்ஸ் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகவே கூடாது. ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட், அமெரிக்க மாடல்கள் 120, ஐரோப்பிய மாடல்கள் 220 அல்லது 240. சிலவற்றில் மாற்றிக்கொள்ளும் செலக்டர் இருக்கும். இல்லாவிட்டால் சரியான அளவு ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பழைய ஐரோப்பிய மாடல்கள் சிலவற்றில் ஹெட்போனுக்கு 6.35 மில்லிமீட்டர் ஜாக்குக்குப் பதில் டின் (DIN) எனப்படும் வேறு வகை சாக்கெட் இருக்கும். அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

விற்பவர் முன்னால் நின்று பார்க்க வேண்டியவை

கையில் மூன்று சாமான் போதும்: ஒரு மல்டிமீட்டர், போனில் இருந்து ஆம்பின் பின்பக்க ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் போகும் ஒரு கேபிள், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு ஹெட்போன். நல்ல ஹெட்போனை அறிமுகம் இல்லாத ஆம்பில் மாட்டவே கூடாது.

முதலில் எதையும் மாட்டாமல் ஆன் செய்யுங்கள். ரிலே (ஸ்பீக்கரைத் தாமதமாக இணைத்து, கோளாறு வந்தால் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச்) உள்ள ஆம்பாக இருந்தால் சில நொடிகளில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வரவே இல்லை என்றால் பாதுகாப்பு சர்க்யூட் எதையோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அப்புறம் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஒவ்வொரு சேனலாக அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐ நெருங்கினால் சரிசெய்துகொள்ளலாம். பல வோல்ட் காட்டினால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். விலையைப் பாதியாகக் குறைத்தாலும் யோசியுங்கள். இதே அளவீட்டை ஹெட்போன் ஜாக்கிலும் எடுக்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஆம்பிலும் ஜாக் ரிலேக்குப் பின்னால் இருப்பதில்லை. ரிலேக்கு முன்னால் இருந்து எடுத்திருந்தால் ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே உங்கள் ஹெட்போனைக் காப்பாற்றாது. ஷார்ட்டான ட்ரான்சிஸ்டர் 35 வோல்ட்டை அப்படியே தள்ளினால், 330 ஓம் ரெசிஸ்டரைத் தாண்டியும் 32 ஓம் ஹெட்போனின் காயிலில் 3 வோல்ட் டிசி நிற்கும். மெல்லிய காயில் அதை நெடுநேரம் தாங்காது.

சரி, அளவு நன்றாக இருக்கிறது. இப்போது அந்த மலிவு ஹெட்போனை மாட்டி வால்யூமை மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள். விற்பவர்கள் எப்போதும் சத்தமாகப் போட்டுக் காட்டுவார்கள். குறைகள் தெரிவது சன்னமான சத்தத்தில்தான். ஒரு காது முந்துகிறதா, குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா, ஒரு சேனல் வந்து வந்து போகிறதா? ஒவ்வொரு ஸ்விட்சாக அழுத்திப் பாருங்கள். கரகரப்பு பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, தூசியும் ஆக்ஸிகரணமும்தான். ஒரு சேனல் அறவே வரவில்லை என்றால் விற்பவர் "பழுது" என்று குறைத்துச் சொல்லும் விலைக்குத் தலையாட்டும் முன் பின்பக்கம் பாருங்கள். ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று எழுதிய சாக்கெட்களை இணைக்கும் 'ப' வடிவக் கம்பி தொலைந்திருந்தால் அந்தச் சேனல் ஊமையாகத்தான் இருக்கும். டேப் டெக்கில் இருந்து வருவதைக் கேட்பதற்கான டேப் மானிட்டர் பட்டன் அழுத்தியபடி கிடந்தால் இரண்டு பக்கமுமே சத்தம் வராது. இந்த இரண்டு காரணத்தாலேயே எத்தனையோ நல்ல ஆம்ப்கள் பழுது விலைக்குக் கைமாறுகின்றன.

முகப்புக் கீறல், மரப்பெட்டிச் சிராய்ப்பு எல்லாம் பேரத்துக்கு உதவும், ஒலிக்குச் சம்பந்தம் இல்லை. மூடியின் துளைகள் வழியே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் ட்ரான்ஸ்பார்மர்மேல் சந்தேகம் கொள்ளலாம்.

வீட்டில் முதல் முறை மூடியைத் திறக்கும்போது

உள்ளே மெயின்ஸ் இருக்கிறது. அது போக, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் ப்ளக்கைக் கழற்றிய பிறகும் 35 முதல் 60 வோல்ட் வரை, சில பெரிய ஆம்ப்களில் அதற்கு மேலும் தேங்கி நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க விடுவது வீரம் இல்லை. கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இன்சுலேட் செய்த ஒயர் வைத்து, கெப்பாசிட்டர் முனைகளில் ஒரு நிமிடம் பிடித்தால் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காலியாகிவிடும். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இதெல்லாம் உங்களுக்குப் புதிது என்றால் மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விட்டுவிடலாம். வாங்குவதற்கும் கேட்பதற்கும் சொன்னவை அப்போதும் பொருந்தும்.

நெடுநாள் சும்மா கிடந்த ஆம்பையோ, உள்ளே கை வைத்த ஆம்பையோ சீரிஸ் லேம்ப் வழியாகத்தான் முதலில் ஆன் செய்ய வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸ் லைனில் தொடராக இணைத்தால் முடிந்தது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் ஆம்ப் நலம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்; உடனே அணைத்துவிடுங்கள். பல்பு இல்லாமல் ஆன் செய்திருந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் ட்ரான்சிஸ்டர்களைச் சுட்டிருக்கும்.

வால்யூம் குமிழ்: பாதி பிரச்சினை தீரும் இடம்

ஹெட்போன்காரர் முதலில் செலவிட வேண்டிய நேரம் இங்கேதான். குமிழின் உள்ளே கார்பன் பாதையின்மேல் ஒரு மெல்லிய உலோக விரல் ஓடுகிறது. பாதையில் படிந்த அழுக்குதான் கரகரப்பு. ஸ்பீக்கரில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாத கரகரப்பு, ஹெட்போனில் காதுக்குள் முள்போலக் குத்தும்.

முன்பக்கக் குமிழை இழுத்துக் கழற்றி, உள்பக்கம் இருந்து அதன் 'பாட்'டை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொடென்ஷியோமீட்டரை, பாருங்கள். அதன் உலோக உடலில், கால்கள் வெளிவரும் பக்கம் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை அதில் நுழைத்து ஒரே ஒரு சிறு அழுத்து, அதற்கு மேல் வேண்டாம். ஸ்டீரியோ பாட் இரண்டு அடுக்காக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஆம்ப் ஆஃபில் இருக்க, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை இருபது முப்பது முறை திருகுங்கள். முன்னால் தண்டுப் பக்கமாக அடித்துவிடாதீர்கள்; அங்கே இருக்கும் கிரீஸ் கரைந்து, குமிழைத் திருகும்போது வரும் அந்தக் கனமான வழவழப்பு போய்விடும். அது போனால் திரும்ப வருவது கடினம்.

ஸ்விட்சுகளுக்கு டீஆக்ஸிட் டி5 போன்ற கான்டாக்ட் கிளீனர், பாட்களுக்கு அதே கம்பெனியின் எஃப்5 போன்ற மசகு கலந்த வகை. வீட்டில் இருக்கிறதே என்று டபிள்யூடி-40 வேண்டாம். அது கான்டாக்ட் கிளீனர் அல்ல, எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், தூசியை அழைக்கும்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு சேனல் விட்டு விட்டு வந்து, வால்யூமை ஏற்றினால் மட்டும் சரியானால் ஸ்பீக்கர் ரிலேயைச் சந்தேகியுங்கள். அதன் முனைகள் கருத்திருக்கும். ஆல்கஹால் நனைத்த கெட்டித் தாள் கீற்றை முனைகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். அதே காயில் வோல்டேஜில் புது ரிலே போடுவதே நிரந்தரம். ஹெட்போன் ஜாக்கிலும் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் கான்டாக்ட்கள் சில ஆம்ப்களில் உண்டு. அவற்றில் அழுக்கு சேர்ந்தால் ஸ்பீக்கர் பக்கம் கோளாறு போலத் தெரியும், மூலம் ஜாக்கில் இருக்கும்.

ஆஃப்செட்டும் பயாஸும்

சர்வீஸ் மேனுவல் இல்லாமல் இந்தப் பகுதிக்குள் நுழையாதீர்கள். பெரும்பாலான பிரபல மாடல்களுக்கு அது இணையத்தில் கிடைக்கிறது.

ஆஃப்செட் என்பது மேலே அளந்த அந்த மில்லிவோல்ட். பயாஸ் என்பது சத்தம் ஏதும் இல்லாதபோது அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட். பயாஸ் குறைந்தால் சன்னமான சத்தத்தில் ஒலி கரடுமுரடாகும். ஹெட்போனில் நாம் கேட்பதோ எப்போதும் சன்னமான சத்தம்தான். கூடினால் ஹீட்சிங்க் கொதிக்கும். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் டிசி மில்லிவோல்ட் அளந்தால் கரண்ட் தெரிந்துவிடும்: 0.5 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் 20 மில்லியாம்ப். சில மேனுவல்கள் இரண்டு ரெசிஸ்டர்களையும் சேர்த்து அளக்கச் சொல்லும், கவனித்துப் படியுங்கள். மூடியை மேலே சாத்தி 15 நிமிடம் சூடேறிய பிறகு அளப்பதுதான் சரி. சீரிஸ் லேம்ப் இணைத்திருக்கும்போது அளக்கும் பயாஸ் பொய். அது குறைந்த வோல்டேஜில் எடுத்த அளவு.

இங்கே ஒளிந்திருக்கும் எமன், பயாஸை அமைக்கப் போர்டில் இருக்கும் சின்ன ட்ரிம் பாட். ஐம்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற பாட்டைத் திருகும்போது அதன் விரல் ஒரு நொடி தொடர்பு விட்டுவிட்டால், பல சர்க்யூட்களில் பயாஸ் உச்சத்துக்குப் பாய்ந்து அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் போய்விடும். எனவே பழைய ட்ரிம் பாட்டைத் தொடும் எண்ணம் இருந்தால், அதே மதிப்பில் புது மல்டி-டர்ன் பாட் போட்டுவிட்டுத் தொடுங்கள். புதியதைப் பயாஸ் மிகக் குறைவான நிலையில் வைத்து ஆரம்பித்து, மெல்ல ஏற்றுங்கள்.

கெப்பாசிட்டரை எல்லாம் மாற்ற வேண்டுமா

இணையத்தில் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் ஒரே இரவில் நூறு கெப்பாசிட்டர்களையும் பிடுங்கி வண்ண வண்ணமாகப் புதியவற்றை நட்டிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக ஓடும் ஆம்பில் நூறு இடத்தில் சால்டரிங் செய்வது, தவறுக்கு நூறு வாய்ப்பு. அந்தக் காலப் பழுப்பு நிற போர்டுகளில் தாமிரக் கோடுகள் சூடு பட்டால் உரிந்து வந்துவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் வகை மட்டுமே வயதாகிக் காய்கிறது. ஃபிலிம் வகையைத் தொட வேண்டாம். சிக்னல் பாதையில் இருப்பவை, பவர் சப்ளை போர்டில் சூடான ரெசிஸ்டர்களுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருப்பவை, பாதுகாப்பு சர்க்யூட்டில் இருப்பவை, இவை முதல் வரிசை. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி தாங்கும் வகை. நிச்சிகானோ பானாசோனிக்கோ, நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கினால் போதும். எது 'இனிமை' என்ற சண்டைக்குள் போகாதீர்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியாமல், ஹம் (தாழ்ந்த 'ம்ம்ம்' சத்தம்) இல்லாமல் இருந்தால் அப்படியே விடலாம். மாற்றினாலும் இரண்டு மடங்கு பெரிதாகப் போட வேண்டாம். ஆன் செய்யும் கணத்தில் டயோடுகளுக்கும் ஸ்விட்சுக்கும் அதிர்ச்சி கூடும்.

ஒன்றைக் கழற்றி அந்த இடத்திலேயே புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளஸ், மைனஸ் எது என்று போர்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். சில கம்பெனிகள் பிளஸ் பக்கத்தைக் குறிக்கும், சில மைனஸ் பக்கத்தை. ஒரு போர்டு முடிந்ததும் சீரிஸ் லேம்பில் ஓட்டி, ஆஃப்செட் அளந்து, பாட்டுக் கேட்ட பிறகே அடுத்த போர்டு. அப்போதுதான் கோளாறு வந்தால் எங்கே என்று தெரியும்.

1970களின் இறுதியில் வந்த சில ஆம்ப்களில், சான்சுயி ஏயு-717 உள்பட, பெரிய கெப்பாசிட்டர்களைப் போர்டோடு ஒட்ட ஒரு பசை பயன்படுத்தினார்கள். வயதானதும் அது கரும்பழுப்பாக மாறி, பக்கத்தில் உள்ள கால்களை அரிக்கும், கரண்டும் கடத்தும். பொறுமையாகச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஆம்ப்களில் மெயின்ஸ் ஸ்விட்ச் அருகே மஞ்சள் நிறத்தில் கண்ணாடிபோல வெடிப்பு விட்ட ரிஃபா கெப்பாசிட்டர் இருந்தால் முதல் வேலையாக அதை எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்பு) வகைக்கு மாற்றுங்கள். புகை கக்குவதில் பேர் போனது.

இரைச்சலைத் துரத்துவது

ஹெட்போன் இங்கே ஒரு டாக்டரின் ஸ்டெதஸ்கோப். பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே கேளுங்கள். இரைச்சல் குமிழோடு ஏறி இறங்கினால் காரணம் குமிழுக்கு முன்னால்: ஃபோனோ போர்டு (ரெக்கார்ட் பிளேயருக்கான பகுதி), இன்புட் ஸ்விட்ச், இணைத்திருக்கும் கருவி. அசையாமல் ஒரே அளவாக இருந்தால் அதற்குப் பின்னால்: டோன் போர்டு அல்லது பவர் ஆம்ப். மழை பெய்வது போலவோ அவ்வப்போது வெடிப்பது போலவோ ஒரு காதில் மட்டும் கேட்டால் வயதான ட்ரான்சிஸ்டர். 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்றவை இதற்குப் பேர் வாங்கியவை. கருத்துப்போன கால்களே அடையாளம். கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 நல்ல மாற்று, ஆனால் கால்களின் வரிசை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தாழ்ந்த 'ம்ம்ம்' சத்தம் வந்தால் முதலில் இன்புட் கேபிள்களைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி இழுக்கும் இரைச்சல்), ஆம்பின் குற்றம் இல்லை. நிற்கவில்லை என்றால் பவர் சப்ளை கெப்பாசிட்டர் பக்கம் போகலாம்.

இன்றைய டாக், அன்றைய ஆம்ப்

பழைய ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட் கொடுத்தாலே முழு சக்தி வந்துவிடும். இன்றைய டாக் (DAC, டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) கொடுப்பது 2 வோல்ட், அதாவது 22 டெசிபலுக்கும் மேல் கூடுதல். விளைவு, குமிழை எட்டு மணி முள்ளின் இடத்துக்குத் திருகினாலே காது கிழியும். பழைய பாட்களில் இரண்டு சேனல்களும் மிகவும் வேறுபடுவதும் அதே அடிப்பகுதியில்தான். பலர் "ஒரு காதில் சத்தம் குறைவு, பாட் போச்சு" என்று முடிவு கட்டுவது இதைப் பார்த்துத்தான். பாட் நன்றாகவே இருக்கும்.

டாக்குக்கும் ஆம்புக்கும் நடுவே 20 டெசிபல் குறைக்கும் சின்ன ஆர்சிஏ அட்டெனுவேட்டர் மாட்டுங்கள், அல்லது டாக்கின் வால்யூமைக் குறையுங்கள். முன்பக்கத்தில் -20 டெசிபல் மியூட்டிங் ஸ்விட்ச் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். குமிழ் பத்து, பதினொரு மணி இடத்துக்கு வந்துவிட்டால் இரண்டு காதும் சமமாகும், திருகவும் சுகமாக இருக்கும்.

குறைந்த ஓம் ஹெட்போன்தான் உங்களிடம் இருக்கிறது என்றால்

ஜாக்கைத் தோண்டி ரெசிஸ்டரை மாற்றாமல், ஸ்பீக்கர் முனைகளில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்று செய்துகொள்ளலாம். சேனலுக்கு 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் தொடராக, அதன் பின் 10 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, ஹெட்போன் அந்த 10 ஓமுக்கு இணையாக. இப்போது ஹெட்போன் பார்க்கும் ஓம் 330-இல் இருந்து சுமார் 9-க்கு இறங்கிவிடும், பேஸ் வீக்கம் போய்விடும். 50 வாட் ஆம்பில், 32 ஓம் ஹெட்போனை மாட்டியிருக்கும்போது உச்சமாக சுமார் 1.4 வோல்ட் வரும். அதற்கு அது தாராளம். வேண்டாம் என்றால் பெட்டியைக் கழற்றிவிடலாம், ஆம்ப் பழையபடியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹெட்போன் பிளக்கில் இரண்டு சேனலுக்கும் கிரவுண்ட் ஒன்றே. ஆம்பின் இரண்டு மைனஸ் முனைகளும் உள்ளே கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் மட்டுமே இந்தப் பெட்டி சரிப்படும். 1980களின் சான்சுயி எக்ஸ்-பேலன்ஸ்டு ஆம்ப்கள் போன்றவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது; அங்கே இரண்டையும் இணைத்தால் ஆம்ப் போய்விடும். ஆம்ப் ஆஃபில் இருக்கும்போது மீட்டரில் ஓம் பார்த்தாலும் முழு உறுதி கிடைக்காது, சர்க்யூட் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேட்பது

இன்றைய ஹெட்போன் ஆம்ப்களில் பெரும்பாலும் இல்லாதது பழைய முகப்பில் இருக்கும் குமிழ்களும் பட்டன்களும்தான். "டோன் கன்ட்ரோலைத் தொடாதவனே ரசிகன்" என்று ஒரு கூட்டம் சொல்லும், கண்டுகொள்ளாதீர்கள். நன்றாகச் செய்த டோன் குமிழ், ஹெட்போனின் குறையை நிமிடத்தில் திருத்திவிடும். ட்ரெபிள் குத்தும் ஹெட்போனுக்கு ஒரு படி குறைவு; திறந்தவகை ஹெட்போனில் அடியில் கனம் போதவில்லை என்றால் பேஸில் ஒரு படி கூடுதல். சில யமஹா, சான்சுயி மாடல்களில் பேஸ் எந்த ஹெர்ட்ஸில் இருந்து ஏற வேண்டும் என்பதற்கே தனி ஸ்விட்ச் உண்டு. அதைக் கீழ் நிலையில் வைத்தால் குரலைத் தொடாமல் அடி மட்டும் ஏறும்.

லவுட்னஸ் பட்டன் நள்ளிரவுக்கானது. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை இன்னும் குறைவாகவே வாங்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. சன்னமாகக் கேட்கும்போது அழுத்துங்கள், ஏற்றினால் எடுத்துவிடுங்கள்.

1960களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் முழுக்க மறுபக்கம் கிடக்கும். ஸ்பீக்கரில் அறையின் காற்று இரண்டையும் கலந்துவிடும். ஹெட்போனில் தலை இரண்டாகப் பிளந்தது போல இருக்கும். மோனோ பட்டனை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். சில பதிவுகள் அப்போதுதான் ஒரு குழுவாகச் சேர்ந்து வாசிக்கும்.

ஆம்புக்கு மேலே நாலு விரல்கடை இடம் விடுங்கள், சூடு போகட்டும். எதையும் அடுக்காதீர்கள். சின்ன பிளக்குக்கு 6.35 மில்லிமீட்டர் அடாப்டர் வேண்டும் என்றால் கெட்டியான ஒற்றைக்கட்டை வகையைவிடக் குட்டைக் கேபிள் வகை நல்லது. பழைய ஜாக்கில் எடை தொங்காது. செருகும்போதும் கழற்றும்போதும் வால்யூம் கீழே இருக்கட்டும். ஆன் செய்து, ரிலே 'டக்' என்ற பிறகு ஹெட்போனை மாட்டுங்கள். அணைப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள், சில ஆம்ப்கள் அணையும்போது ஒரு தட்டு தட்டும். பழைய ஆம்பின் ஒலியில் திகட்டல் குறைவு என்பதால் நம்மை அறியாமல் வால்யூம் ஏறும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். மாதம் ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லாக் குமிழ்களையும் இரண்டு பக்கமும் நாலு தடவை திருகிவிடுங்கள், எல்லா ஸ்விட்சுகளையும் தட்டிவிடுங்கள். அடுத்த ஸ்ப்ரே வேலை பல வருடம் தள்ளிப்போகும்.